எல்லாவற்றையும் திறந்துவிட்ட நாள்

பிரஷருக்கும் சீனிக்கும் மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போய், நம்பர் துண்டைக் கையில் பொத்திக்கொண்டு வாங்கில் குந்தியிருக்கிற என் வயதுக்காரருக்கு இதை எழுதுகிறேன். இளையவர்கள் வாசிப்பதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் அவர்களுக்கு இடையிடையே நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். எனக்கு அதற்கு மூச்சு இல்லை.

போன கிளினிக்கில் பக்கத்தில் இருந்த ஒருவர், “அந்தக் காலத்தில எல்லாம் வீட்டிலதானே பிள்ளைப்பெறு. என்ன குறைஞ்சு போனம்?” என்று கேட்டார். குறைந்து போனவர்கள் கிளினிக்குக்கு வருவதில்லை. அதனால் அவருக்கு அது தெரியவில்லை. நான் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் என் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் காணிப் பகுதியில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். எந்த விண்ணப்பம் எந்த மேசைக்குப் போக வேண்டும், யாருடைய கையொப்பம் முதலில் விழ வேண்டும் என்பது இன்றைக்கும் எனக்கு நித்திரையிலும் வரும். ஒழுங்குமுறை என்ற ஒன்று மனிதருக்கு எதற்கு என்பதை மட்டும் நான் கந்தோரில் படிக்கவில்லை. ஒன்பது வயதில், ஒரு சிறுபோகத்தில் படித்தேன்.

அப்போது நாங்கள் குடாநாட்டிலிருந்து வந்து, ஸ்கந்தபுரத்துக்கு அங்கால் குளத்துக்குக் கீழே அரசாங்கக் காணி கிடைத்துக் குடியேறியிருந்தோம். மண் சுவர், கிடுகுக் கூரை. முன்னால் வயல். வயலுக்கு அப்பால் வாய்க்கால், அதையொட்டி வண்டில் பாதை. மழையில்லாத சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீரை முறை வைத்துத்தான் விடுவார்கள். உங்கள் முறையில் உங்கள் வாய்க்கால் கதவைத் திறக்கலாம். அடுத்தவர் முறையில் திறந்தால் அவர் மண்வெட்டியோடு வருவார்.

சோளகக் காற்று அந்த வருடம் வெள்ளென வந்துவிட்டது. விடிந்தால் பொழுது படும்வரை ஒரே இரைச்சல். கிடுகு தூக்கித் தூக்கி அடிக்கும். சோற்றில் செம்மண் கரகரக்கும். வைத்த பொருள் வைத்த இடத்தில் நிற்காது, மனிதரும் அப்படித்தான். அப்பா வயலுக்கும் வீட்டுக்குமாக நடந்தபடி இருப்பார். நான் பாலைப்பழம் பொறுக்கத் திரிவேன். அந்தப் பழத்தின் பால் உதட்டில் பிசினாக ஒட்டும். தேங்காயெண்ணெய் பூசித்தான் வாயைப் பிரிக்க வேண்டும். உங்களுக்குத் தெரியும்.

அம்மாவுக்கு மட்டும் நடமாட்டம் குறைந்துகொண்டு வந்தது. வயிற்றில் பிள்ளை. நான் மூத்தது. எனக்குப் பிறகு ஒன்று குடாநாட்டு வீட்டில் பிறந்து, அழாமலே போனது. அதைப் பற்றி வீட்டில் யாரும் கதைப்பதில்லை. மற்றவர்கள் மறந்துபோய்க் கதைக்காமல் இருந்தார்கள். அம்மா அப்படி இல்லை.

ஒருநாள் குசினியில் அடுப்பைப் பார்த்தபடி அம்மா சொன்னார்: “இந்த முறை ஆஸ்பத்திரியில பெத்தால் என்ன?”

“ஏன், உனக்கு வீடு இல்லையோ?” என்றார் அப்பா.

“வீடு இருக்கு. எனக்குப் பயமாக் கிடக்கு.”

“இது எங்கட காணியில பிறக்கப் போற முதல் பிள்ளை. நாளைக்குக் காணியைப் பிள்ளைக்கு எழுதேக்க, எங்க பிறந்ததெண்டு கேப்பாங்கள். ஆஸ்பத்திரி எண்டு சொல்லவோ?”

அந்தக் காணிச் சட்டத்தைப் பின்னாளில் வரிக்கு வரி படித்தவள் நான். காணிக்குப் பின்னுரித்தாளராக நியமிக்கப்படும் பிள்ளை எந்தப் பாயில் பிறந்தது என்று கேட்கும் பிரிவு அதில் இல்லை. அப்பாவுக்குச் சட்டம் சொன்னது தேத்தண்ணிக் கடை. அங்கே இருந்த எல்லோரும் அதை நம்பினார்கள். அந்தக் குடியேற்றத்தில் அந்த நம்பிக்கையால் வீட்டில் பிறந்த பிள்ளைகள் பலர். அவர்களுக்கு நானே காணி மாற்றிக் கொடுத்திருக்கிறேன், எங்கே பிறந்தாய் என்று கேட்காமல்.

பிறகு மாமி வந்தார். மாமி என்றால் அப்பாவின் தமக்கை. குடும்பத்தில் எங்கே பிள்ளைப்பெறு என்றாலும் தன் றங்குப்பெட்டியோடு பஸ் ஏறிவிடுவார். பிறந்தது நல்லபடி என்றால் மாமியின் கைராசி. இல்லாவிட்டால் வேறு யாரோ செய்த பிழை. நடுவில் போன பிள்ளைக்கும் மாமியிடம் காரணம் இருந்தது.

“அண்டைக்கு ஆரோ ஒரு பெட்டியைப் பூட்டினபடி விட்டிட்டினம்,” என்றார். “இல்லாட்டி அது ஏன் அப்பிடிப் போகுது?”

எங்கள் ஆட்களின் நம்பிக்கை அது. நோவில் கிடக்கிறவளுக்குப் பிள்ளை இறங்கச் சுணங்கினால், வீட்டில் பூட்டியதைத் திறக்க வேண்டும், முடிந்ததை அவிழ்க்க வேண்டும். அப்போது பிள்ளைக்கும் வழி திறக்கும்.

அரசாங்க மருத்துவிச்சியை நாங்கள் மிஸ்ஸி என்போம். வெள்ளைச் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சைக்கிளில் வருவார். படலையில் மணி அடித்தால் எல்லோரும் வெளியே வந்து பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் இன்னொரு தரம் அடிப்பார். அவர் அம்மாவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “போன பிள்ளை அப்பிடிப் போயிருக்கு. இவ ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேணும்,” என்றார்.

“நான் எத்தினை பிள்ளையைக் கண்டனான் தெரியுமோ?” என்றார் மாமி.

“எத்தினையைக் கண்டியளெண்டு கேக்கேல்லை. எத்தினை அழுததெண்டு சொல்லுங்கோ.”

மாமி அன்று முழுக்க மிஸ்ஸிக்குத் தேத்தண்ணி கொடுக்கவில்லை.

வீட்டிலேயே பிள்ளையை எடுத்துத் தரச் சொல்லி அப்பா கெஞ்சினார். கத்தரிக்காய் ஒரு கடகம் சைக்கிளில் ஏற்றினார். விதிப்படி மிஸ்ஸி சம்மதித்திருக்கக் கூடாது. கத்தரிக்காய்க்காகச் சம்மதித்தார் என்று நான் நினைக்கவில்லை. மாமிக்கு முன்னால் தானே அந்தப் பிள்ளையை எடுத்துக்காட்ட வேண்டும் என்ற எண்ணம் வந்திருக்கும். ஆனாலும் ஒரு நிபந்தனை போட்டார்.

“நோவு தொடங்கினால் வண்டிலும் மாடும் முற்றத்தில ஆயத்தமா நிக்கவேணும். நான் ‘ஏத்து’ எண்டால் ஏத்தவேணும். அதில பிறகு கதை இல்லை.”

அம்மா அதைக் கண் வெட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

நோவு தொடங்கிய காலை காற்று இன்னும் மோசம். அப்பா சொன்னபடி மாட்டைக் கொண்டுவந்து வண்டிலோடு கட்டினார். அப்பாவின் தம்பியார், எனக்குச் சித்தப்பா, சைக்கிளில் மிஸ்ஸியைக் கூட்டப் போனார். திரும்பி வந்து, “அவ வேற ஒரு பிள்ளைப்பெறுவில நிக்கிறா. முடிச்சிட்டு வாறாவாம்,” என்றார். அம்மா என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

“மாடு நிக்குதோ?”

“நிக்குது அம்மா.”

“போய்ப் பாத்திட்டு வந்து சொல்லு.”

நான் போய்ப் பார்த்து வந்து சொல்வேன். அம்மா கண்ணை மூடிக்கொள்வார்.

வெயில் ஏறியபோது நோவு தளர்ந்தது. அம்மாவின் முகம் சாம்பலாகிவிட்டது. மாமி வெளியே வந்து இடுப்பில் கை வைத்தார். “நோவு நிண்டிட்டுது. எல்லாத்தையும் திறவுங்கோ.”

என்னைத்தான் முதலில் பிடித்தார். நான் என் பின்னலை அவிழ்த்தேன். அரிசிச் சாக்கின் வாயை அவிழ்த்தேன். உப்புப் போத்தல், மிளகாய்த்தூள் பேணி, ஊறுகாய்ச் சாடி, அலுமாரி, கோழிக்கூடு. அப்பா சேட்டுப் பொத்தானைக் கழற்றினார். மாமி தன் றங்குப்பெட்டியையும் அம்மாவின் றங்குப்பெட்டியையும் திறந்தார். குடையை விரிக்க வேண்டுமா என்று சித்தப்பா கேட்டார். மாமி ஒரு கணம் யோசித்துவிட்டு, “விரி,” என்றார். என் நாலாம் வகுப்புப் புத்தகத்தைக்கூட விரித்து வைத்தோம்.

சோளகம் உள்ளே வந்தது. மிளகாய்த்தூள் பறந்து எல்லோருக்கும் கண் எரிந்தது. அடைக்கோழி அரிசிச் சாக்கில் ஏறி நின்று கொறித்தது. அம்மாவின் கூறைச்சீலை பெட்டியை விட்டு எழும்பி வேலி முள்ளில் போய் மாட்டிக் கிழிந்தது. அந்தக் கிழிசலை அம்மா பிறகு தைத்து வைத்திருந்தார். சீலையும் பெட்டியும் போர்க்காலத்து எந்த இடப்பெயர்வில், எந்தப் பாதை ஓரத்தில் விடுபட்டன என்று எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை.

“மாடு?” என்றார் மாமி.

“அக்கா, மிஸ்ஸி சொன்னவ...”

“மிஸ்ஸி எங்க? நான் இஞ்ச நிக்கிறன்.”

அப்பா மாட்டை அவிழ்த்துக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டார். சமாளிக்கலாம் என்று எண்ணியிருப்பார். “கயிறு கையில இருந்தால் அதுவும் கட்டினதுதான்,” என்றார் மாமி. அப்பா கயிற்றை விட்டார். மாடுகள் இரண்டும் நம்பாமல் நின்றன. பிறகு விரித்த குடை காற்றில் உருண்டு அவற்றின் முகத்துக்கு நேரே போயிற்று. அவ்வளவுதான். இரண்டும் வாலைத் தூக்கிக்கொண்டு காட்டுப் பக்கம் பாய்ந்தன. அப்பா பின்னால் ஓடினார்.

உள்ளேயிருந்து அம்மா கேட்டார். “மாடு நிக்குதோ?”

நான் வாசலில் நின்று சொன்னேன். “இல்லை அம்மா. மாமி அவிட்டு விடச் சொன்னவ.”

அம்மா எழும்பப் பார்த்தார். முடியவில்லை. “நான் சாகப் போறன்,” என்றார், சாதாரணமாக, விறகு முடிந்துவிட்டது என்பதுபோல. பிறகு ஒரு கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியை ஆஸ்பத்திரி வரைக்கும் விடவில்லை. இல்லாவிட்டால் என்னை யார் லொறியில் ஏற்றியிருப்பார்கள்?

சித்தப்பா எஸ்.எஸ்.சி. எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்தவர். எதையும் கடைசிவரை யோசிப்பார். “மாமிக்கு ஒண்டு சொல்லு,” என்று யன்னலுக்கு வெளியே நின்று என்னிடம் சொன்னார். “இந்தக் காணியில பூட்டிக் கிடக்கிற பெரிய கதவு வாய்க்கால் கதவெல்லோ?”

மாமிக்கு நேரே கேட்டுவிட்டது. “படிச்ச பிள்ளை எண்டால் இதுதான்,” என்றார். “ஓடு!”

அன்று எங்கள் முறை இல்லை. கீழ்க்காணிக்காரரின் முறை. அவரும் அப்பாவும் ஒரு வரம்புச் சண்டைக்குப் பிறகு முகம் பார்ப்பதில்லை. சித்தப்பா அவருடைய தண்ணீரைத் திருப்பிவிட்டார். அது எங்கள் வயலில் நிரம்பி, வரம்பை உடைத்து, வண்டில் பாதையில் ஏறிப் பரவியது.

மிஸ்ஸி அந்தத் தண்ணீருக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். மணி அடிக்கவில்லை. முற்றத்தில் நின்று சுற்றிப் பார்த்தார். “இதென்ன கோலம்? கள்ளர் பூந்ததோ?”

மிஸ்ஸி பதிலுக்கு நிற்கவில்லை. உள்ளே வந்து அம்மாவின் வயிற்றில் ஊதுகுழல் மாதிரி ஒன்றை வைத்துக் காதைக் கொடுத்தார். நெடுநேரம் கேட்டார். நிமிர்ந்தபோது அவருடைய முகத்தில் வழமையான செருக்கு இல்லை.

“பிள்ளைக்குத் துடிப்புக் குறையுது. ஏத்துங்கோ.” வெளியே எட்டிப் பார்த்தார். “மாடெங்க?”

“மாட்டையும் திறந்து விட்டிட்டம்,” என்றார் சித்தப்பா.

மிஸ்ஸி அவரை அடிப்பார் என்று நினைத்தேன். அதற்குள் பாதையில் கூச்சல் கேட்டது. கீழ்க்காணிக்காரர் முன்னால், பின்னால் நாலைந்து பேர், எல்லார் தோளிலும் மண்வெட்டி.

“ஆரடா என்ர தண்ணியைத் திருப்பினது? வெளிய வாடா!”

மிஸ்ஸி வாசலுக்குப் போனார். “மண்வெட்டியைக் கீழ வையுங்கோ. உள்ள சாய்மனைக் கதிரை கிடக்கு. அதைத் தூக்குங்கோ.”

“நான் தண்ணிக்கு நியாயம் கேக்க வந்தனான்.”

“நியாயத்தைப் பேந்து கேளுங்கோ. அது இருக்கும். இவ இருக்கமாட்டா.”

கீழ்க்காணிக்காரர் வாசலில் நின்று அம்மாவைப் பார்த்தார். மண்வெட்டியைச் சுவரில் சாத்தினார். “டேய், ரெண்டு கம்பு வெட்டுங்கோடா,” என்றார்.

கதிரையின் இரு பக்கமும் கம்பைக் கட்டி அம்மாவை இருத்தித் தோளில் காவினார்கள். சட்டையைப் பிடித்த கைக்குக் கீழே நான் ஓடினேன். முழங்கால்வரை சேறு. அப்பா மாடில்லாமல் காட்டுப் பக்கமிருந்து ஓடிவந்து ஒரு கம்பில் தோள் கொடுத்தார். முன் கம்பில் கீழ்க்காணிக்காரர். வழி நெடுக ஏச்சு.

“உனக்கு மூளை இருக்கோ? என்ர முறைத் தண்ணியில என்னையே நீந்த வைக்கிறாய்!”

“பாத்து வை காலை, பள்ளம்,” என்றார் அப்பா.

“பள்ளம் எனக்குத் தெரியும். உனக்குத்தான் ஒண்டும் தெரியாது. தங்கச்சி, இறுக்கிப் பிடி. நாங்கள் உன்னை விழுத்தமாட்டம்.”

அம்மாவின் தலை ஒவ்வொரு அடிக்கும் ஆடியது. அடிக்கடி மிஸ்ஸி கதிரையை நிறுத்தி நாடி பார்த்தார். நிறுத்தும்போதெல்லாம் ஆண்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பெரிய றோட்டில் ஒரு லொறி நின்றது. தண்ணீரூற்றிலிருந்து வந்து செத்தல் மிளகாய் வாங்குகிற முஸ்லிம் முதலாளி ஒருவருடையது. யாரும் கேட்கவில்லை. அவர் கதிரையைக் கண்டதும் தானே மேலே ஏறி மூட்டைகளைக் கீழே தள்ளினார். “ஏத்துங்க, ஏத்துங்க. மொளகா கெடக்கட்டும்.” மூட்டைகளை றோட்டிலேயே விட்டுவிட்டுத்தான் லொறி எடுத்தார். பின்னொரு காலத்தில், போருக்குள், முஸ்லிம்கள் என்பதற்காக அவரையும் அவருடைய ஆட்களையும் ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். அன்று அவர்களை ஏற்ற எங்கள் பக்கத்திலிருந்து ஒரு மாட்டுவண்டில்கூடப் போகவில்லை.

லொறியில் மிளகாய் நெடி. எல்லோரும் தும்மினோம். அம்மாவும் தும்மினார். தும்மும்போது மாமி, “அப்பிடித்தான், அப்பிடித்தான், முக்கு,” என்றார். மிஸ்ஸி, “இப்ப நீங்கள் வாயை மட்டும் பூட்டுங்கோ,” என்றார்.

ஆஸ்பத்திரியில் அம்மாவின் விரல்களை என் சட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்கள். கதவு மூடியது. நாங்கள் வெளியே வாங்கில் இருந்தோம். சேறு காய்ந்து அப்பாவின் காலிலிருந்து பொருக்குப் பொருக்காக விழுந்தது. அப்பா இருப்பார், எழும்புவார், வாசல்வரை நடப்பார், திரும்புவார். கீழ்க்காணிக்காரரும் போகவில்லை. தண்ணீரின் கதையை அவர் எடுக்கவும் இல்லை. மாமி கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொழுது சாயும் நேரம் உள்ளே ஒரு குழந்தை அழுதது. தாதி வெளியே வந்தார்.

“ஆம்பிளைப் பிள்ளை. ஆயுதம் போட்டுத்தான் எடுத்தது.”

அப்பா இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்தார். மாமி, “நான் சொன்னனான் எல்லோ!” என்று எழும்பினார். சித்தப்பா யாருடைய கையையோ பிடித்துக் குலுக்கினார். தாதி திரும்பி உள்ளே போகப் போனார்.

“பிள்ளை, தாய்க்கு என்ன மாதிரி?” என்று கேட்டவர் கீழ்க்காணிக்காரர்.

தாதி நின்றார். “இரத்தம் நிறையப் போட்டுது. டொக்டர் இன்னும் கிட்டத்தான் நிக்கிறார். இருங்கோ.”

அப்பாவின் கை தலைக்கு மேல் குவிந்தபடியே நின்றது. பிறகு மெல்லக் கீழே இறங்கியது. டொக்டர் வெளியே வந்து, “இனிப் பயமில்லை,” என்று சொல்லும் வரைக்கும் எல்லோரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். சொன்னதும் அப்பா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அடுத்த நாள் என்னை உள்ளே விட்டார்கள். தம்பியின் நெற்றியில் இரண்டு பக்கமும் சிவந்த தடம். அம்மா வெள்ளைத் துணிபோலக் கிடந்தார். என்னைக் கண்டதும், “மாடு வந்திட்டுதோ?” என்று கேட்டார். தாங்களாக வந்து பட்டிக்குள் நிற்கின்றன என்றேன். அம்மா மெல்லச் சிரித்தார். சிரித்தால் வயிறு நோகிறது என்று நிறுத்தினார்.

மாமி இந்தக் கதையைத் தன் பக்கத்திலிருந்து சாகும்வரை சொன்னார். வாய்க்கால் கதவைத் திறந்தபடியால்தானே ஆட்கள் வந்தார்கள்? ஆட்கள் வந்தபடியால்தானே காவினார்கள்? ஆகவே திறந்ததுதான் காப்பாற்றியது. மாட்டை அவிழ்க்காமல் விட்டிருந்தால் அந்த ஆட்களே தேவைப்பட்டிருக்க மாட்டார்கள் என்று நான் பெரியவளான பிறகு ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். “நீ கச்சேரியில இருந்து கதைக்கிறாய்,” என்றார். என் வேலைக்காலம் முழுவதும் மேலதிகாரிகளுக்கு நான் எழுதிய விளக்கங்களுக்கும் ஏறக்குறைய இதே பதில்தான் கிடைத்தது.

தம்பி நடக்கத் தொடங்கி, ஓடத் தொடங்கிய காலத்தில் அம்மாவுக்கு மறுபடியும் வயிறு தெரிந்தது. அப்பா இந்த முறையும் வீட்டில்தான் என்றார். தேத்தண்ணிக் கடைச் சட்டம் மாறவில்லை. தம்பி ஆஸ்பத்திரியில் பிறந்தவன் என்பதால் காணிக்கு வீட்டில் பிறந்த இன்னொரு பிள்ளை வேண்டும் என்று வேறு நினைத்திருந்தார். “பயப்பிடாதை,” என்றார். “இந்த முறை நான் மாட்டை அவிழ்க்க விடமாட்டன். அக்காவுக்கும் சொல்லிப் போட்டன்.”

அம்மா அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. மாமிக்கு பஸ்சில் வரக் கடிதம் போனது.

மாமி வருவதற்கு முந்திய ஒரு காலை, அப்பா முறைத் தண்ணீர் கட்டப் போயிருந்தார். அம்மா உலை வைத்தார், அரிசி போட்டார். பிறகு தலையை இழுத்துக் கொண்டையாக முடிந்தார். ஒரு துணிப்பையில் இரண்டு சீலையும் பழந்துணியும் வைத்தார். தம்பியைத் தூக்கி என் இடுப்பில் இருத்தினார். படலையில் நின்று கையை வயிற்றில் வைத்து ஒரு நோவைப் பல்லைக் கடித்துப் போக விட்டார். பிறகு பெரிய றோட்டுப் பக்கம் நடந்தார். வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பஸ் நிற்கிற சத்தமும் எடுக்கிற சத்தமும் கேட்டன.

அப்பா வரும்போது சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

“எங்க கொம்மா?”

“பிள்ளை பெறப் போட்டா.”

“எங்க?”

“ஆஸ்பத்திரிக்கு.”

அப்பா மண்வெட்டியோடு முற்றத்தில் நின்றார். றோட்டைப் பார்த்தார். வண்டிலைப் பார்த்தார்.

“ஆரைக் கேட்டுப் போனவ?”

“ஒருத்தரையும் கேக்கேல்லை,” என்றேன். “சோறு அவிஞ்சால் இறக்கி வைக்கச் சொன்னவ, உங்களை.”